ஒரே மாதிரியான சீட்டுகள்

ஜன்னலோரம் நீங்களே இருந்துக்கோங்கம்மா. எனக்குக் காத்து மூஞ்சியில அடிச்சா தலை வலிக்கும். அம்பாசமுத்திரத்துல ஏறி, தென்காசியில மாறி, இந்த வண்டியைப் பிடிச்சேன். சங்கரன்கோவில் போறேன். என் நாத்தனார் வீடு. மாமனார் இப்ப அங்கதான் இருக்காங்க.

ஆமா, டீச்சர்தான். எப்படித் தெரிஞ்சுது? குரலா? எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. வருஷக்கணக்கா கத்திக் கத்தி, இப்ப மெதுவாப் பேசணும்னாலும் தொண்டைக்குத் தெரிய மாட்டேங்கு.

மாமாவுக்குக் கண்ணு ரெண்டும் போச்சு. சுகர். திருநெல்வேலி டவுன்ல ஜவுளிக்கடையில இருந்தவங்க. பிரமநாயகம்னு பேரு. அத்தை இருந்த வரைக்கும் ரெண்டு பேரும் தனியா இருந்தாங்க, யாருக்கும் ஒரு தொல்லையும் இல்ல. அத்தை போன பிறகு அந்த வீட்டைப் பூட்டிட்டு, பிள்ளைங்க மூணு பேரும் மாத்தி மாத்தி வச்சுக்கிடுறதுன்னு பேசினோம். மூத்தவங்க தென்காசியில இருக்காங்க, பெரிய அத்தான். நடுவுல எங்க வீட்டுக்காரங்க. கடைசியா இவ, உலகம்மாள். "நானும் பிள்ளைதானே, என்னையும் சேத்துக்கோங்க"ன்னு அவளே கேட்டா. நல்ல பொண்ணு.

முதல்ல முறை வச்சுத்தான் பாத்தோம். ஆளுக்கு ஒரு மாசம். அது சரிப்படல. பெரிய அத்தான் வீட்டுல கல்யாணம் வந்தா, இந்த மாசம் நீ வச்சுக்கோம்பாங்க. எனக்குப் பரீட்சை வந்தா நான் அவங்களைக் கேப்பேன். அப்புறம் அந்த மாசத்துக்கு இந்த மாசம் சரியாப் போச்சா இல்லையான்னு ஒரு சண்டை. தெய்வானை அக்கா, அதான் மூத்த மருமக, ஒரு தடவை போன்லயே அழுதுட்டாங்க. அப்பத்தான் உலகம்மாள் சொன்னா, "பேசாம சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுவோம். யாருக்கு வருதோ அவங்க. சாமி விட்ட வழி."

நானும் சரின்னேன். சொல்லப்போனா நான்தான் எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன். மூணு சீட்டு. ஒவ்வொருத்தருக்கும் மூணுல ஒரு வாய்ப்பு. ஒண்ணு ரெண்டு மாசம் முன்னப் பின்ன வந்தாலும், வருஷம் போகப் போகச் சமமாயிரும், பன்னெண்டு மாசத்துக்கு ஆளுக்கு ஏறக்குறைய நாலுன்னு சொன்னேன். இதைத்தானே நான் வகுப்புல சொல்லிக் குடுக்கேன். பெரிய அத்தான் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாங்க: "ஒரு தடவை வந்தவங்க சீட்டை எடுத்துரலாமே? மிச்சம் இருக்கிறதுல அடுத்த மாசம் எடுப்போம்."

மாமா அது வரைக்கும் வாயே திறக்கல. அப்பத்தான் சொன்னாங்க, "மூணு பேரும் என் பிள்ளைங்க. ஒவ்வொரு மாசமும் மூணு பேரு சீட்டும் இருக்கணும். எடுக்கிறது என் கையா இருக்கட்டும்." கண்ணு தெரியாதவங்க எடுத்தா அதை விட நியாயம் என்ன இருக்கு சொல்லுங்க. எல்லாரும் ஒத்துக்கிட்டோம். அவங்கவங்க சீட்டை அவங்கவங்களே எழுதிக் கொண்டு வரணும், அப்பத்தான் ஒருத்தர் பேரை இன்னொருத்தர் ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு பேச்சு வராதுன்னு அதையும் முடிவு பண்ணினோம்.

டிக்கெட்டா? எடுத்துட்டேன் கண்டக்டர் சார், எடுத்துட்டேன்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன்? ஆங். தமிழ் மாசம் ஒண்ணாம் தேதி. மாமா எந்த வீட்டுல இருக்காங்களோ அங்க எல்லாரும் கூடுவோம். தெய்வானை அக்கா மூணு சீட்டையும் வாங்கிச் சொம்புல போட்டுக் குலுக்குவாங்க. மாமா கையை விடுவாங்க. முதல் மாசம் எங்களுக்கு. சரி. ரெண்டாவது மாசமும் எங்களுக்கு. சரி, வரத்தான் செய்யும். மூணாவது தென்காசி. அப்புறம் எங்களுக்கு, எங்களுக்கு, மறுபடி எங்களுக்கு.

வச்சுக்கிடுறதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. ஆனா ஆள் லேசான ஆள் கிடையாது. காலையில ஊசி போடணும். ஊசி போட்ட பிறகு இட்லி கல்லு மாதிரி இருக்கும்பாங்க. நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடணும், அந்த நேரம் பாத்து, "வடிவு, அந்தச் சத்தம் என்ன?"ம்பாங்க. குக்கர் மாமா. "அந்தச் சத்தம்?" பக்கத்து வீட்டு மோட்டார் மாமா. ரேடியோவைத் தெருவுக்கே கேக்கிற மாதிரி வைப்பாங்க. வெல்லத்தை எங்க ஒளிச்சு வச்சாலும் தடவித் தடவிக் கண்டுபிடிச்சுருவாங்க. நான் கத்துவேன். "கண்ணு போனது பத்தாதா, காலும் போகணுமா உங்களுக்கு?"ன்னு கத்துவேன். உடனே அவங்களும் கத்துவாங்க. எங்க வீட்டுக்காரங்க நைசா ஜெராக்ஸ் கடையைத் திறக்கப் போயிருவாங்க. சாயங்காலம் நான் வந்தா மறுபடி முதல்ல இருந்து. பூண்டு உரிச்சுத் தாங்கன்னு ஒரு முறத்தைக் குடுத்து ஒக்கார வைப்பேன், இல்லன்னா அடுப்படி வரைக்கும் வந்து நின்னுக்குவாங்க. ராத்திரி படுத்தா எனக்கு முதுகு நிமிராது.

வருஷம் முடியப் போறப்ப எண்ணிப் பாத்தேன். பன்னெண்டுல ஒம்பது. எங்களுக்கு ஒம்பது, தென்காசிக்கு ரெண்டு, சங்கரன்கோவிலுக்கு ஒண்ணு.

வேற ஒருத்தியா இருந்தா தலையெழுத்துன்னு விட்டிருப்பா. நான் கணக்கு டீச்சர். ஒக்காந்து போட்டுப் பாத்தேன். ஆயிரம் குடும்பம் இதே மாதிரி ஒரு வருஷம் குலுக்கிப் போட்டா, அதுல நாலு குடும்பத்துல ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு ஒம்பதோ அதுக்கு மேலயோ வரலாம். அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரங்ககிட்ட காமிச்சேன். அவங்க ஒரே வார்த்தையில, "அந்த நாலு குடும்பத்துல நாம ஒண்ணா இருக்கக் கூடாதா?"ன்னுட்டு சாப்பிடப் போயிட்டாங்க. அப்படிப்பட்ட மனுஷன்.

எனக்குத் தூக்கம் வரல. நான் போட்ட கணக்கு மேலேயே சந்தேகம் வந்துட்டுது. மறுநாள் வகுப்புல சாக்பீஸ் டப்பாவுல ஒரு சிவப்பு, ரெண்டு வெள்ளைன்னு மூணு சீட்டைப் போட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் பன்னெண்டு தடவை எடுக்கச் சொன்னேன். எடுத்ததைத் திரும்பப் போட்டு, குலுக்கி, மறுபடி எடுக்கணும். நாப்பது பிள்ளைங்க. ரெண்டு பீரியடு ஓடிப்போச்சு. பெரும்பாலும் சிவப்புச் சீட்டு மூணு, நாலு, அஞ்சு தடவை வந்துது. ஒரே ஒருத்திக்கு எட்டு. "டீச்சர், எனக்குப் பரிசு உண்டா?"ன்னு கேட்டா. ஒம்பது ஒருத்திக்கும் வரல. எனக்கு அன்னைக்குத்தான் உறுதியாச்சு. இது சாமி விட்ட வழி இல்ல. யாரோ மனுஷங்க விட்ட வழி.

யாரு? சொம்பைக் குலுக்கிறது யாரு? தெய்வானை அக்காதானே. தன் சீட்டையும் உலகம்மாள் சீட்டையும் விரல் இடுக்குல பிடிச்சுக்கிட்டு, எங்க சீட்டை மட்டும் உள்ள விட்டு நீட்டினா மாமாவுக்கு என்ன தெரியும்? நல்லா சேலை உடுத்தி, வாய் நிறைய "வடிவு, வடிவு"ன்னு கூப்பிட்டு வர்றவங்க. எனக்குத் தோணிச்சு. யாருக்கா இருந்தாலும் தோணும்.

சித்திரை ஒண்ணு எங்க வீட்டுல வச்சு வந்துது. எல்லாருக்கும் பாயசத்தோட சமையல். நான் முன்கூட்டியே எங்க வீட்டுக்காரங்க கடையில ஒரே அட்டையில இருந்து மூணு துண்டு வெட்டி வாங்கிட்டேன். மிஷின்ல வெட்டினது, ஒரு நூல் அளவு கூடக் குறைய இருக்காது. அதுல மூணு ஊர் பேரையும் எழுதி ஒரு துணிப்பையில போட்டு வச்சிருந்தேன்.

தெய்வானை அக்கா சொம்பை எடுக்கப் போனாங்க. நான், "இந்தத் தடவை சொம்பு வேண்டாம்க்கா. பை இருக்கு"ன்னேன்.

"ஏன் வடிவு?"

"பையின்னா யாரும் உள்ள விரலை வைக்க முடியாது."

எங்க வீட்டுக்காரங்க, "வடிவு, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கட்டும்"ன்னாங்க. சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசுற பேச்சா இது? நான் விவரமாவே சொன்னேன். மூணுல ஒண்ணு, பன்னெண்டுல நாலு, ஆயிரத்துல நாலு குடும்பம், வகுப்புல நாப்பது பிள்ளைங்க எடுத்தது, எல்லாம். யாரு பேரையும் நான் சொல்லல. குலுக்குற கைதான் இதுக்குப் பதில் சொல்லணும்னு மட்டும் சொன்னேன்.

தெய்வானை அக்கா அப்படியே தரையில ஒக்காந்துட்டாங்க. "என் பிள்ளைங்க மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது வடிவு. மாமாவை நான் தள்ளி விடுவேனா?"ன்னு அழுதாங்க. பெரிய அத்தான் கை கழுவின ஈரத்தோட நிக்காங்க. உலகம்மாள் என்னையும் அவங்களையும் மாறி மாறிப் பாக்கா. கேட்டதுல என்னம்மா தப்பு? நியாயம் கேட்டா அழுவாங்களா?

மாமா கையை நீட்டி, "பையைக் குடு"ன்னாங்க.

பைக்குள்ள கையை விட்டாங்க. விட்ட கை வெளியில வரல. ஒவ்வொரு அட்டையா தடவிப் பாக்காங்க. ஓரத்தைத் தடவுதாங்க, மடக்கிப் பாக்காங்க. கடையில துணியைப் பிடிச்சுப் பாக்கிற மாதிரி. ரொம்ப நேரம் கழிச்சு, "எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு வடிவு"ன்னாங்க.

"ஒண்ணு போலத்தான் இருக்கணும் மாமா."

ஒரு அட்டையை எடுத்தாங்க. தென்காசி.

அவங்க துணிமணியை நான்தான் எடுத்து வச்சேன். வேட்டி, துண்டு, ஊசி மருந்து, ரேடியோ. மாமா கட்டில்ல இருந்தாங்க. கதவைச் சாத்துன்னாங்க. சாத்தினேன்.

"தெய்வானை மேல பழி போடாத. பாவம் அவ. எடுத்தது நான்தான்."

எனக்குப் புரியல.

"உன் சீட்டு மட்டும் தடிமனா இருக்கும். பரீட்சைத் தாளுல கிழிச்சு எழுதுவியோ என்னவோ. அவங்க ரெண்டு பேரும் தேதி கிழிக்கிற காலண்டர் தாளுல எழுதிக் கொண்டாருவாங்க. என் கை எத்தனை வருஷம் துணி பாத்த கை. தெரியாமப் போகுமா?"

பாருங்கம்மா. பாடப் புத்தகத்துல இந்தக் கணக்கு எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? ஒரு பையில் ஒரே மாதிரியான இத்தனை பந்துகள் உள்ளன. ஒரே மாதிரியான. வருஷா வருஷம் கரும்பலகையில எழுதிப் போடுதேன். எங்க வீட்டுச் சொம்புல அது இருக்கான்னு பாக்கத் தோணல.

"அப்ப எல்லா மாசமும் எங்களையே எடுத்திருக்க வேண்டியதுதானே? நடுவுல மூணு மாசம் எதுக்கு விட்டீங்க?"ன்னு கேட்டேன்.

"எல்லா மாசமும் எடுத்தா நீ கண்டுபிடிச்சுருவியே."

சிரிக்காங்க! எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துது. "எங்க இருக்கணும்னு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"ன்னு கத்தினேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். உங்கள்ல யாரு என்னைக் கேட்டீங்க?"

வேட்டியை மடிச்சு வச்சேன். அவங்களே மேல சொன்னாங்க. "அங்கல்லாம் நல்லாத்தான் பாத்துக்கிடுறாங்க. ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நான் இருக்கேன்னு எல்லாரும் மெதுவாப் பேசுதாங்க. டிவியைக் கூடச் சத்தமா வைக்கிறதில்ல. எனக்கு வீட்டுல ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. நீ திட்டுவ. நீ எந்த ரூம்ல நிக்கேன்னு எனக்குத் தெரியும்."

திட்டுதேன்னு ஒரு மனுஷன் வந்து ஒக்காந்துகிட்டா நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

தெய்வானை அக்காகிட்டயா? சொல்லணும்னுதான் இருந்தேன். போன் பண்ணலாம்னு எடுப்பேன், ஏதாவது வேலை வந்துரும். அப்புறம் மாமாவே சொல்லிட்டதா உலகம்மாள் சொன்னா. அப்ப நான் வேற எதுக்குத் தனியாச் சொல்லணும்? இப்ப அவங்க என்னைப் பாத்தா, "வாங்க டீச்சர்"ங்காங்க. முன்னால வடிவுதான். மரியாதை கூடிருக்கு, நல்லதுதானே.

குலுக்கல் அதே அட்டையில தொடர்ந்துது. வைகாசி சங்கரன்கோவில். ஆனி தென்காசி. ஆடி மறுபடி சங்கரன்கோவில். எனக்கு வரவே இல்ல. நாலு தடவை தொடர்ந்து வராமப் போறதுக்கு வாய்ப்பு அஞ்சுல ஒண்ணு. அதிசயம் ஒண்ணும் கிடையாது. வீட்டுல நல்ல அமைதி. சாயங்காலம் வந்து ஒரு டம்ளர் காப்பியைப் போட்டு ஒக்காந்தா கேக்க ஆள் கிடையாது. நல்லாத் தூங்கலாம். தூக்கம்தான் சரியா வரல, அது வயசு.

ஆவணி பிறக்கப் போகுது. எங்க வீட்டுக்காரங்க, "இந்தத் தடவை நமக்குத்தான் வரும், இத்தனை மாசம் வரலைல்லா"ன்னாங்க. நான் நல்லாத் திட்டினேன். போன மாசம் என்ன வந்துதுன்னு அட்டைக்குத் தெரியுமா? அட்டைக்கு ஞாபகம் கிடையாது. எத்தனை தடவை வராட்டாலும் அடுத்த தடவையும் மூணுல ஒண்ணுதான். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. மாமா படுக்கிற ரூம்ல மெத்தையை வெயில்ல போட்டு எடுத்து, புது உறை போட்டேன். எப்படியும் சுத்தம் பண்ணத்தானே வேணும். ரேடியோவுக்கு பேட்டரி வாங்கி வச்சேன். கடைக்குப் போனேன், வாங்கினேன், அவ்வளவுதான்.

ஆவணி ஒண்ணு உலகம்மாள் வீட்டுல. நான் பையை நீட்டினேன். மாமா கையை எடுத்து மடியில வச்சுக்கிட்டாங்க.

"போதும். என்னால இனிமே எடுக்க முடியாது. வெக்கமா இருக்கு."

உலகம்மாள்தான் பக்கத்துல போய் ஒக்காந்தா. "அப்பா, நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு எங்க இருக்கணும்?"

எனக்குப் பதில் தெரியும். பஸ் எத்தனை மணிக்கு, ரெண்டு பையையும் எப்படித் தூக்கிறது, தென்காசியில மாறும்போது அவங்களை எங்க ஒக்கார வைக்கிறதுன்னு மனசுல போட்டுக்கிட்டிருந்தேன்.

"இங்கேயே இருக்கேன்மா, உன் வீட்டுலயே"ன்னாங்க மாமா.

நான்தான் கேட்டேன், "என் வீட்டுல சத்தம் இருக்கும்னீங்க?"

"சத்தத்துக்கு என்ன வடிவு. நீ ஓய்ஞ்சு போயிட்ட. படி ஏறி வந்ததும் நீ மூச்சு வாங்குறது எனக்குக் கேக்கும். போன வருஷம் அது இல்ல."

எல்லாரும் என்னைப் பாத்தாங்க. தெய்வானை அக்கா எந்திரிச்சுப் போய்த் தண்ணி கொண்டாந்து என் கையில குடுத்தாங்க. நான் குடிச்சேன். வேற என்ன செய்ய? நான் ஓய்ஞ்சிருக்கேனா இல்லையான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்லம்மா? ஒரு மனுஷன் தானா முடிவு பண்ணிக்கிட்டா எப்படி? ஆனா சபையில சொன்ன பிறகு மறுத்துப் பேச முடியுமா. சரின்னு வந்துட்டேன். வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரங்க மாமா ரூம் கதவைச் சாத்திட்டுப் படுத்தாங்க.

பத்து நாள் போயிருக்கும். உலகம்மாள் போன். "மதினி, அப்பா ஊசி போட மாட்டேங்காங்க. சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்காங்க, இறங்க மாட்டேங்கு. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், எங்க வீட்டு அவுகளும் கெஞ்சிப் பாத்துட்டாங்க. எங்களுக்கு அதட்ட வர மாட்டேங்கு. நீங்க ஒரு நடை வந்து ஒரு சத்தம் போட்டுட்டுப் போங்களேன்."

போனை அவங்க காதுல வையின்னு சொன்னேன். வச்சா. அதுலயே போட்டேன் சத்தம். பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அன்னைக்குச் சாப்பிட்டாங்களாம். ரெண்டு நாள்ல மறுபடி அதே கதை. போன்ல போட்ட சத்தம் அவ்வளவு தூரம்தான் நிக்கும்போல.

அதுலருந்து சனிக்கிழமைன்னா எனக்கு பஸ்தான். ரெண்டு வண்டி மாறி, முட்டி வலிக்க, ஒரு கிழவரைத் திட்டுறதுக்குன்னு போறேன். எங்க வீட்டுக்காரங்க கேக்காங்க, "இதுக்கு அவங்க இங்கயே இருந்திருக்கலாமே, உனக்கு அலைச்சலாவது மிஞ்சியிருக்கும்." அவங்களுக்கு என்ன தெரியும். இது ஏற்பாடும்மா. எல்லாரும் சேந்து பேசி முடிவு பண்ணினது. நானாப் போய் மாத்த முடியுமா? பாசம் அது இதுன்னு ஒண்ணும் கிடையாது. ஒரு மனுஷன் ஊசி போடாமக் கிடந்தா நாலு பேரு நம்மைத்தானே கேப்பாங்க.

வீரசிகாமணி தாண்டிட்டோமா? அப்ப வந்துரும். அந்தப் பையைக் கொஞ்சம் இப்படி நகத்துங்க. இல்ல, இல்ல, நானே தூக்கிக்கிடுதேன்.

எப்பவும் வண்டி வந்து சேருறதுக்குள்ள, இன்னைக்கு உள்ள போனதும் எதைச் சொல்லித் திட்டுறதுன்னு ஒண்ணு ரெண்டு யோசிச்சு வச்சுருவேன். உங்ககிட்டப் பேசிக்கிட்டே வந்ததுல இன்னைக்கு ஒண்ணுமே யோசிக்கல. பரவாயில்ல. போய் வாசல்ல நின்னா, என் மூச்சைக் கேட்டதும் அவங்களே ஏதாவது ஆரம்பிப்பாங்க.